கேதம் கேட்கப் போனேன்

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது என் தொழிலில் பாதி. மலேசியாவில், பேராக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக டிரஸ்ஸராக இருக்கிறேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் காயத்துக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, வந்திருப்பது நிஜக் காய்ச்சலா லீவுக் காய்ச்சலா என்று கண்டுபிடிப்பது எல்லாம் நான்தான். வயிற்று வலி என்று காலையில் துடித்தவனை மத்தியானம் தொழிலாளர் லயத்தில் போய்ப் பார்த்தால் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பக் கூடாது என்பது எனக்குள் ஊறிவிட்டது. என் மனைவியைக் கேட்டால், அது கல்யாணத்துக்கு முன்னாலேயே ஊறியது என்பாள்.

அப்படிப்பட்ட ஆளுக்கு ஊரிலிருந்து மச்சான் போட்ட கடுதாசிகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மச்சான் என்றால் என் அக்கா குருவம்மாவின் வீட்டுக்காரர், சடையாண்டி. எழுதப் படிக்கத் தெரியாது, யாரிடமாவது சொல்லித்தான் எழுதுவார். முதல் கடுதாசியில் விஷயம் இருந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றிப்போன ஜீப் மலைப்பாதையில் உருண்டுவிட்டது. அதில் அக்காவும் இருந்தாள், அவளுடைய ஒரே மகள் செல்வியும் இருந்தாள். செல்வி போய்விட்டாள். 'பிள்ளையைக் கையைப் பிடித்து அந்த ஜீப்பில் ஏற்றியது குருவம்மாதான். அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள்' என்று ஒரு வரி. அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. நான் போட்ட மூன்று கடுதாசிக்கும் பதில் இல்லை. கடைசியில் ஒரு கார்டு வந்தது. 'குருவம்மா சுகம். நீங்கள் இப்போது வர வேண்டாம்.'

வர வேண்டாமாமே! அந்த நாலு வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அம்மா சாகும்போது எனக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பதினாலு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறினேன். பிறகு ஊருக்குப் போனது அவள் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை. செல்வியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவள் சடங்குக்குத் தாய்மாமன் சீராக நான் அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு எடுத்த போட்டோ மட்டும் என்னிடம் இருக்கிறது.

அக்காவைப் போய்ப் பார்ப்பது, கையோடு கூட்டிவருவது, அது நடக்காவிட்டால் மதுரையில் நல்ல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாவது வருவது என்று முடிவு செய்தேன். எழுபத்தைந்தாம் வருஷம், சித்திரை மாதம். வருகிறேன் என்று ஒரு வரி எழுதவில்லை. சொல்லாமல் போனால்தானே உண்மை தெரியும்.

தேனியில் பஸ் மாறினேன். டீ வாங்கினேன், பாயசம் கிடைத்தது. மலேசியாவில் பாலில்லாத கோப்பி ஓ குடித்துப் பழகிய நாக்குக்கு அது டீ என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. என் டிரங்குப் பெட்டியை பஸ் மேலே போட்டுக் கட்டியாயிற்று என்று கண்டக்டர் சொன்னார். சொன்னால் போதுமா? ஏணியில் ஏறி நானே பார்க்கப் போனேன். வாழைத்தாருக்கும் பானைக் கூடைகளுக்கும் நடுவில் கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசில் கேட்டது, பஸ் கிளம்பிவிட்டது. நான் கத்தியது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. வீரபாண்டி வரைக்கும் டிரங்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் மேலேயே போனேன். திருவிழாக் கூட்டம் பஸ்ஸை நிறுத்தியபோதுதான் கீழே இருந்து ஒரு பெண், "ஆத்தாடி! மேல ஒரு ஆளு இருக்காரு!" என்று கூவினாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்காமல், "பெட்டி பத்திரமா இருக்கா சார்?" என்றார்.

உள்ளே எனக்கு இடம் கொடுத்தவர் ஒரு வெற்றிலைக்காரர். மடியில் கவுளிக்கட்டு, வாய் நிறைய வெற்றிலை.

"எங்கிட்டுப் போறீக?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டிய ஊர்.

"அங்கன யாரு வீட்டுக்கு?"

"சடையாண்டி வீட்டுக்கு. குருவம்மா என் அக்கா."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "மலேயாவுல இருக்கிற தாய்மாமனா?" என்றார். ஆமாம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "அங்கன போயி எதையும் கேட்டுக்கிராதீக, சாமி." ஏன் என்று கேட்டேன். நான் இறங்குகிற வரைக்கும் தூங்குகிற மாதிரி நடித்தார். தூங்குகிறவனையும் நடிக்கிறவனையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அக்கா வீடு வெளியில் பூட்டியிருந்தது. எதிர் வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். இடது கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்ததைக் கவனித்தேன். நான் யார் என்று சொன்னதும் அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. வாங்க என்று ஒரு சொல் வரவில்லை. கடல் தாண்டி வந்தவனை வா என்று கூடக் கேட்காத ஊரா இது என்று எனக்குச் சுருக்கென்றது.

"குருவு வீரபாண்டிக்குப் போயிருக்கா. கம்பத்துக்குத் தண்ணி ஊத்துற நேர்த்திக்கடன். அங்கனயே தங்கிருக்கா" என்றாள். கம்பம் என்றால் ஊர் அல்ல, கோயிலில் நடுகிற மரம். அவள் பெயர் மொக்கம்மா. மச்சான் கம்பத்து மண்டிக்குத் திராட்சை ஏற்றப் போயிருக்கிறாராம், வர நேரமாகுமாம். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். இருபத்தாறு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த ருசி அது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே கொடியைப் பார்த்தேன். அதில் மச்சானுடைய வேட்டி காய்ந்தது. பக்கத்தில் நான் அக்காவுக்கு அனுப்பிய பூப்போட்ட சேலை. உள்ளே ஒரு தூக்குவாளியில் யாருக்கோ களி எடுத்து மூடி வைத்திருந்தது. வேட்டியைத் துவைக்கிறாள், சோறு பொங்குகிறாள், அக்கா சேலையும் இவள் கையில். எனக்கு விளங்கிவிட்டது. இரண்டாந்தாரம்! அக்காவை எங்கேயோ தள்ளிவிட்டு இதுகள் இரண்டும் குடும்பம் நடத்துகின்றன.

மச்சான் ராத்திரி வரவில்லை. மொக்கம்மா வீட்டுத் திண்ணையில் படுத்திருந்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் வீரபாண்டிக்குத் திரும்பினேன். முல்லையாற்றில் தண்ணீர் மொண்டு, ஈரச் சேலையோடு பெண்கள் வரிசை வரிசையாக வந்து கம்பத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சளும் வேப்பிலையும் காலடியில் மிதந்தன. பொரிகடலை, ராட்டினம், வளையல்கடை எதையும் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடினேன். மூன்றாவது தடவை அதே இடத்தைச் சுற்றியபோது ஒரு பெண் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "என்னய்யா, பொம்பளைகளையே உத்து உத்துப் பாக்குற? அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?" என்று கேட்டாள். அக்காவைத்தான் தேடுகிறேன் என்றேன். "எல்லாப் பயலும் இதத்தான் சொல்றான்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நான் ஓடி வந்துவிட்டேன். அக்கா அங்கே இல்லை. தங்கியிருப்பவர்களிடம் விசாரித்ததிலும் இல்லை.

அங்கிருந்து நேரே கம்பம். மச்சானைத் திராட்சை மண்டியில் பிடித்தேன். தலையில் கூடையோடு நின்றவர் என்னைப் பார்த்ததும் கூடையை நழுவ விட்டார். கறுத்த திராட்சை காலடியில் உருண்டது.

"மாப்ள! எப்ப வந்தீக? எழுதிருக்கக் கூடாதா?"

"அக்கா எங்க மச்சான்?"

"போடில... எந்தங்கச்சி வீட்டுல இருக்கா."

போடி! நேற்று வீரபாண்டி, இன்றைக்குப் போடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள், எந்தச் சோறு என்பதையாவது பேசி வைத்துக்கொள்ளக் கூடாதா? நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சரி மச்சான் என்று சொல்லிவிட்டு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன்.

கேரளத்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் அங்கே நின்றன. எங்கள் தோட்டத்து லாரியில் கூட இவ்வளவு ஆட்களை அடைக்க மாட்டோம். ஒரு டிரைவரிடம் அக்காவின் தெருவைச் சொல்லி விசாரித்தேன். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அந்தத் தெருவா? அங்கே நாங்கள் யாரும் ஹார்ன் அடிக்க மாட்டோம். காலையில் ஆள் கூப்பிட வேண்டுமென்றால் வண்டியைத் தெரு முனைக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போய்க் கூப்பிடுவோம். மொக்கம்மா உத்தரவு. மீறினால் அந்தப் பெண்பிள்ளை கல்லால் அடிக்கும்." ஏன் என்றேன். "அதை மட்டும் கேட்காதே சாரே" என்று வண்டியை எடுத்துவிட்டார். ஒரு தெருவுக்கே உத்தரவு போடுகிற அளவுக்கு அந்தப் பெண் வளர்ந்திருக்கிறாள் என்று குறித்துக்கொண்டேன். நிஜமாகவே நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மச்சான் தூக்குவாளியோடு கிளம்பினார். தோட்டத்துக்குப் போகிறேன், மத்தியானம் வந்து பேசலாம் என்றார். பேசலாமே என்று சொல்லிவிட்டு, அவர் வாய்க்கால் கரை திரும்பியதும் பின்னாலேயே நடந்தேன். ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே, மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிற இடத்தில் திராட்சைத் தோட்டம். கல்தூண்களின் மேல் கம்பிப் பந்தல், கீழே குளுகுளு என்று நிழல். அவர் தூக்குவாளியை மோட்டார் ரூம் வாசலில் வைத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனார். பந்தலுக்குள் ஒரு பெண் உட்கார்ந்து, குலைகளில் அழுகின பழங்களைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அந்த முதுகில்தான் நான் வளர்ந்தேன்.

"அக்கா!"

திரும்பினாள். தலை பாதி நரைத்திருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், முகம் மலர்ந்தது. "சுப்பு?" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் தாய்மாமன். எட்டு மாதம் கழித்து வந்த தாய்மாமன், அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருக்கிற ஒரே ஆள். கேதம் கேட்காமல் இருக்க முடியுமா? எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்குப் போனால், எப்படி நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும். பறிகொடுத்தவர் சொல்ல வேண்டும், கேட்டவர் அழ வேண்டும். கேட்காமல் வந்தால் மனுஷன் இல்லை என்பார்கள். டிரஸ்ஸர் வேலையிலும் அதே பாடம்தான். என்ன நடந்தது, ஆரம்பத்திலிருந்து சொல்லு. நான் ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஊரில் எல்லாரும் அழுகிற வார்த்தையைச் சொல்லி அழுதேன்.

"பிள்ளைய வாரிக் குடுத்துட்டியேக்கா! எப்படிக்கா நடந்துச்சு? பிள்ள எங்கன உக்காந்திருந்துச்சு?"

கத்தரிக்கோல் விழுந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வளைவில் திரும்புகிற வண்டியில் சாய்வது போல. "ஏறுடி... வேணாம், எறங்குடி... எறங்குடீ!" என்றவள் பக்கத்துக் கல்தூணைப் பாய்ந்து கட்டிக்கொண்டாள். மூச்சு விசுக் விசுக்கென்று இழுத்தது. விரல் நகம் கல்லில் பிறாண்டி ரத்தம் வந்தது.

நான் இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் செய்ததைச் செய்தேன். பின்னாலிருந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, "படு, படுக்கா, ஒண்ணுமில்ல" என்று தரையில் அமுக்கப் பார்த்தேன். அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கிணற்றுப் பக்கமிருந்து மச்சான் ஓடி வந்தார். அவருக்கு முன்னால், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மொக்கம்மா வந்துவிட்டாள். நான் பின்தொடர்வதைப் பார்த்து அவளும் என் பின்னாலேயே வந்திருக்கிறாள். அந்தக் கோணல் கையால் என் நெஞ்சில் ஒரு தள்ளு. நான் வாய்க்காலில் போய் விழுந்தேன்.

அவள் அக்காவைத் தொடவே இல்லை. இரண்டு முழம் தள்ளி, அக்காவின் கண்ணுக்கு நேரே மண்ணில் உட்கார்ந்தாள். அடுப்படியில் பேசுகிற குரலில் பேசினாள்.

"குருவு, நாந்தேன் மொக்கம்மா. தள்ளித்தேன் இருக்கேன், தொட மாட்டேன். இது தெராச்சித் தோட்டம். வண்டி இல்ல. கீழ மண்ணு, சமதரை. எதுவும் உருளல." கொஞ்சம் விட்டு, "காலு எங்கன இருக்கு, பாரு. மண்ணு சுடுதா, குளுருதா?" என்றாள். பதில் வராது என்று தெரிந்தும் கேட்டாள், வருகிற வரைக்கும் காத்திருந்தாள். "வாய்க்காலு ரெண்டு எட்டுல இருக்கு. வாரியா? வராட்டியும் சரி."

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் கடிகாரம் தண்ணீருக்குள் இருந்தது. அக்காவின் கை தூணை விட்டது. தட்டுத் தடுமாறி வந்து வாய்க்காலில் காலை வைத்தாள். "சில்லுங்குது" என்றாள். அப்போதுதான் மொக்கம்மா கையை நீட்டினாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்கும் மறுநாளும் அக்கா சாப்பிடவில்லை என்று மச்சான் வந்து சொன்னார். என் கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. ஊரைவிட்டு நான் கிளம்ப இன்னும் ஐந்தே நாள். வளர்த்தவளை உடைத்துப் போட்டுவிட்டு, முகத்தைக் கூடப் பார்க்காமல் கப்பலேற வேண்டியதுதானா என்று நினைத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மொக்கம்மாவிடம் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை ஒதுக்கி முழங்கையைக் காட்டினாள். பல் பதிந்த தழும்பு. "மொதத் தடவ நானும் உங்கள மாதிரித்தேன் அமுக்கிப் புடிச்சேன். கடிச்சிட்டா. நாலு தடவ கடி வாங்கித்தேன் கத்துக்கிட்டேன். ஒரு நா அவளா வாய்க்கால்ல கால வச்சா, தெளிஞ்சா. அதயும் புடிச்சுக்கிட்டேன்."

"வைத்தியம் பாக்கலையா?"

"ஏன் பாக்கல? கோடாங்கியக் கூட்டியாந்தாக. அவரு உடுக்கையடிச்சு, 'யாரு நீ, எப்படி வந்த, சொல்லு'ன்னாரு. விழுந்துட்டா. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாக. அங்க டாக்டரு படிக்கிற பிள்ளைகளச் சுத்தி நிப்பாட்டிக்கிட்டு, 'மொதல்ல இருந்து சொல்லும்மா'ன்னாரு. விழுந்துட்டா. அப்புறம் நீங்க வந்தீக."

மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி.

"கேதத்துக்கு வராதீகன்னு சொல்லவும் முடியாது, வந்தவுக கேக்காம போகவும் மாட்டாக. அதான் தெராச்சித் தோட்டத்துல கொண்டுபோயி வச்சோம். வீட்டுல இருந்தப்ப ஜீப்பு ஹாரனுக்கே விழுவா. அங்கன ரோட்டுச் சத்தம் இல்ல, ஆளு தெரியாது. வர்றவுககிட்ட ஆளுக்கொரு ஊரச் சொல்லி அனுப்பிருவோம். கேதத்த நான் வாங்கிக்கிருவேன். நானும் அந்த ஜீப்புலதான வந்தேன். எனக்குச் சொன்னா ஆறும், அவளுக்குச் சொன்னா கிழியும். ஆளுக்கு ஆளு வேற." பிறகு முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "நீங்க தாய்மாமன். கேளுங்க. என்கிட்டக் கேளுங்க."

அப்போதுதான் உறைத்தது. கேத வீட்டில் யாரும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். கிளம்பும்போது போய் வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. முதல் நாள் அவள் என்னை வாங்க என்று கேட்காதது மரியாதைக் குறைவு இல்லை. அந்த எதிர் வீடே கேத வீடாக இருந்திருக்கிறது.

கேட்டேன். அவள் சொன்னாள். பனி, கூட்டம், முன்னும் பின்னுமாக இரண்டு ஜீப். செல்வி கையில் ஒரு பணியாரம், தின்றுகொண்டே வந்தாளாம். முன் ஜீப்பில் இடமில்லை என்று அவள் பின் ஜீப்புக்குப் போகத் திரும்பினாளாம். "நாந்தேன் கையப் புடிச்சு இழுத்தேன். 'எங்கிட்டுடி போற, இங்கன என் மடியில உக்காரு'ன்னு நாந்தேன் இழுத்து ஏத்துனேன்." சொல்லிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எட்டு மாதமாக நெஞ்சில் கட்டியிருந்தது அன்றைக்குத்தான் கரைந்தது.

ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? மச்சானுடைய முதல் கடுதாசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. பிள்ளையைக் கையைப் பிடித்து ஏற்றியது குருவம்மாதான். "மச்சான் எழுதினதுல..." என்று ஆரம்பித்தேன். மொக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அவரு என்ன எழுதுனாரோ எனக்குத் தெரியாது. நாந்தேன் இழுத்தேன்."

மச்சானைத் தனியாகப் பிடித்தேன். வரப்பில் உட்கார்ந்து, புல்லைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "மொத மாசம், வர்றவுக எல்லாம் கடைசியா அதத்தான் கேப்பாக, மாப்ள. பிள்ளய யாரு ஏத்துனதுன்னு. இவ நாந்தேன்னு சொல்லுவா, விழுந்துருவா. ஒரு நா கூடலூர்ச் சனம் வந்து அதையே கேட்டுச்சு. இவ வாயத் தெறக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ள மொக்கம்மா எதுத்த வீட்டுல இருந்து கத்துச்சு, 'நாந்தேன் இழுத்தேன், என்னையக் கேளுங்க'ன்னு. எல்லாரும் மண்ண வாரித் தூத்துனாக. அன்னையிலருந்து ஊருக்கே அதான் கத. அது மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. 'ராசியில்லாதவ வீட்டுல எடுக்க மாட்டோம்'னு தட்டிப் போச்சு. அப்பவும் மாத்திச் சொல்லல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதேன் நெனைக்கிறேன். ரெண்டு பேரும் அதப் பேசிக்கிட்டதில்ல."

இவளைத்தான் நான் இரண்டாந்தாரம் என்று நினைத்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டாலும் தகும்.

ஐந்தாம் நாள் மொக்கம்மா அக்காவிடம் போய்ச் சொன்னாளாம். உன் தம்பி வந்திருக்கிறான், வந்தால் வாய்க்கால் பக்கமாக, உன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வருவான், ஒன்றும் கேட்க மாட்டான், நீ வேண்டாம் என்றால் வர மாட்டான். அக்கா பதில் சொல்லவில்லை, கொஞ்சம் களி மட்டும் சாப்பிட்டாள். ஆறாம் நாளும் பதில் இல்லை. நான் வாசலுக்கும் தெரு முனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஏழாம் நாள் காலையில் மொக்கம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். "வரச் சொல்லிட்டா!"

வாய்க்கால் கரையோடு போனேன், தூரத்திலேயே இருமினேன். அக்கா நிமிர்ந்து பார்த்து, தலையை ஆட்டினாள். நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தேன். நாக்கு நுனியில் நூறு கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு குலையை என் பக்கம் நீட்டினாள். பன்னீர்த் திராட்சை, வெயிலில் கதகதப்பாக இருந்தது.

"ஏலே, அங்கன மழ பெய்யுமா?"

"தெனமும் பெய்யும்க்கா. மூணு மணி ஆனா வந்துரும்."

"பிள்ளைக என்ன திங்கும்?"

தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி என்று சொன்னேன். காலையிலேயே சோறா என்று ஆச்சரியப்பட்டாள். "அக்கா, என்கூட மலேயா வந்து கொஞ்ச நாள் இருக்கியா? வேணாம்னாலும் சரி" என்றேன். அந்தக் கடைசி வார்த்தை மொக்கம்மாவிடம் கற்றது.

யோசித்தாள். "கப்பல் ஆடுமாமே?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "ஆடும்க்கா."

"அப்ப வேணாம்லே" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரி பேச்சை நான் எடுக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் காலை தோட்டத்துக்குப் போனேன். மொக்கம்மாவும் அங்கே இருந்தாள். இரண்டு பேரும் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். கேதத்துக்கு வந்தவன் சொல்லக் கூடாத வார்த்தை என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"போயிட்டு வாரேன்க்கா."

மொக்கம்மா சடாரென்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா அரிவதை நிறுத்தவில்லை. "வா" என்றாள். "வரும்போது முன்னாடியே எழுதிப் போட்டுட்டு வா."

பஸ்ஸில் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றினார்கள். ஏறிப் பார்க்கவில்லை. ஜன்னலோரத்தில் அதே வெற்றிலைக்காரர். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அக்காளப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"எதுவும் கேக்கலையே?"

"மொதல்ல கேட்டுட்டேன். அப்புறம் கேக்கல."

தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினார். "எதுத்த வீட்டு மொக்கம்மாளையும் பாத்திருப்பீகளே. அவதான பிள்ளையக் கையப் புடிச்சு இழுத்து ஏத்துனது?"

கடுதாசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து விரித்திருந்தால் போதும். அந்த வரி என் விரலுக்கு அடியில் முட்டியது. அந்தக் கோணல் கை கண்ணில் வந்தது, தட்டிப்போன சம்பந்தம் வந்தது, பிறகு வாய்க்காலில் கிடந்த நாலு கால்கள் வந்தன.

"ஆமா" என்றேன். "அவதான்."

"பாவி மக" என்று ஜன்னல் வழியே எச்சிலைத் துப்பினார்.

என்னால் அடக்க முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, வீரபாண்டி வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். "தாய்மாமன்ல. அழத்தான செய்வீக" என்று அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.